சொந்த நாட்டுச் செய்தி கூடாது

திங்கள் காலை எட்டரை. அறை நூற்றுப்பன்னிரண்டு.
வெளியே ஷார்ஜா கொதிக்க,
உள்ளே ஸ்வெட்டர் மாட்டி உட்காரும் வகுப்பு.
நடப்பு அரசியல், மூன்று கிரெடிட்.
ஆளுக்கொரு செய்தி, இரண்டு நிமிடம், இரண்டு மதிப்பெண்.
ஒரே விதி:
சொந்த நாட்டுச் செய்தி கூடாது.

விதியைப் போட்டவர் டாக்டர் முந்திர்.
பாஸ்ராவை விட்டு முப்பது வருடம் என்பார்கள்.
அவர் சொல்லிக் கேட்டதில்லை.

ஹிபா ஜப்பானில் அரிசி விலை ஏறியதைக் கொண்டுவந்தாள்.
கடை வாசலில் வரிசை, கிடங்கைத் திறந்த அமைச்சகம்,
புள்ளிவிவரமெல்லாம் சுத்தம்.
நடுவில் ஓரிடத்தில் மட்டும் நிறுத்தித் தண்ணீர் குடித்தாள்.
அவள் அத்தை கார்த்தூமிலிருந்து
நடந்தே வெளியேறியது எங்களுக்குத் தெரியும்.
பசியைப் பற்றிப் பேச
அவளுக்கு வேறொரு நாடு வேண்டியிருந்தது.

எல்லையில் ட்ரோன்கள் பறந்த அந்த வாரம்
தைமூர் நியூசிலாந்து ஏரியில் பாசி படர்ந்ததைப் படித்தான்.
இஷானி ஐஸ்லாந்து எரிமலையை.
இருவருக்கும் முழு மதிப்பெண்.
பிறகு கேன்டீனில்
ஒரே ஷவர்மாவை இரண்டாக்கும்போது
கத்தியை யார் பிடிப்பதென்று ஒரு விநாடி தயங்கினார்கள்.
சிரித்தார்கள்.
நாங்களும் சிரித்தோம், கொஞ்சம் அதிகமாகவே.

என் முறை வந்தபோதெல்லாம் நான் பொலிவியாவுக்குப் போய்விடுவேன்.
எதற்கு வம்பு.
எது கூடாத நாடு என்று தெரிந்தால்தானே
எது கூடும் என்று சொல்ல?

பிறந்தது இந்த ஊர் மருத்துவமனையில்.
சான்றிதழ் அரபியில்.
பாஸ்போர்ட்டில் மூன்று சிங்கம் தெரியும், நாலாவது பின்னால்.
விசா அப்பா பெயரில்;
இருபத்தைந்து முடிந்தால்
எனக்கொரு முதலாளியை நானே தேடிக்கொள்ள வேண்டும்.
பத்து விரலும் இரண்டு கண்ணும் இங்கே பதிவில் இருக்கின்றன.
அங்கே, திருப்பத்தூர்ப் பக்கம்,
ஒரு விரலுக்குக்கூட மை இல்லை.
தேர்தலன்று சித்தி மகன் செல்ஃபி அனுப்புவான்:
"உன் ஓட்டையும் எவனாவது போட்டிருப்பான், கவலப்படாத."
அம்மா டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டுப்
போனைக் கவிழ்த்து வைத்தாள்.
ஓர் ஓட்டுக்கு ஆயிரத்து எழுநூறு திர்ஹம்.
ஓட்டுக்குக் காசு கொடுப்பார்கள் என்றுதான் கேள்வி.
நாங்கள் கொடுக்கவேண்டியிருக்கிறது.

இந்தத் திங்கள் பொலிவியா வாய்க்கு வரவில்லை.
எழுந்து நின்று படித்தேன்:

வெயில்காலத்து மதிய ஓய்வு இன்றோடு முடிகிறது.
பன்னிரண்டரை முதல் மூன்று வரை
வெளிவேலை கூடாது என்ற தடை நாளை இல்லை.
முவைலா பாலத்தடியில் அட்டைப்பெட்டி விரித்துப் படுப்பவர்களை
இனி அந்நேரத்தில் அங்கே பார்க்க முடியாது.
ஹெல்மெட்தான் தலையணை.
ஒருவர் படுத்தபடி வீடியோ அழைப்பில் இருப்பார்,
முகத்தைக் காட்டாமல்,
போனைப் பாலத்துக்கு அப்பாலுள்ள
உயரக் கட்டடங்களின் பக்கம் திருப்பிப் பிடித்து.

ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
டாக்டர் முந்திர் கண்ணாடியைக் கழற்றினார்.
"இது உன் சொந்த நாட்டுச் செய்தி இல்லையா, ஃபேலவன்?"
வேலவன் அவர் வாயில் அப்படித்தான்.
"நீங்கதான் சொல்லணும், டாக்டர்."

அவர் சொல்லவில்லை.
பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே இருந்த கட்டத்தையே
பார்த்துக்கொண்டிருந்தார்.
"மூலம்?"
"பேருந்து. இடப்பக்க ஜன்னல்."
ஒன்றரை போட்டார்.

அரை எங்கே போனது என்றேன்.
"இன்று என்பது தேதி ஆகாது.
நாளைக்குப் படிப்பவனுக்கு அது பொய்"
என்று அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.